தோலை ஒட்டி ஓடும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்து சமுத்திரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலை ஒரு டொல்பின் முந்திக்கொண்டு போனது. எங்கள் கரையோரத்து ஆட்கள் ஓங்கில் என்பார்களே, அதுதான். கப்பலின் பின்புறத்திலிருந்து முன்புறம் வரை ஏறத்தாழ 41 மீற்றர். அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு 7 செக்கன் எடுத்தது. கப்பலில் இருந்த தொம்சன் என்பவர் நிறுத்தற் கடிகாரத்தைப் பிடித்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். கப்பலின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்த டொல்பின் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் நீந்தியிருக்கிறது.

இந்தக் குறிப்பு கேம்பிரிட்ஜில் இருந்த விலங்கியலாளர் ஜேம்ஸ் கிரேயின் கைக்கு வந்தது. 1936இல் அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். அதே அளவுள்ள விறைப்பான ஓர் உடலை அந்த வேகத்தில் தண்ணீருக்குள் இழுக்க எவ்வளவு வலு வேண்டும்? ஒரு டொல்பினின் தசைகளால் எவ்வளவு வலு தரமுடியும்? இரண்டும் பொருந்தவே இல்லை. தேவைப்படும் வலு, தசை தரக்கூடியதைப் போல் 7 மடங்கு. அப்படியென்றால் டொல்பினின் தசை மற்ற விலங்குகளின் தசையைவிட 7 மடங்கு பலம் வாய்ந்ததாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் தோலை ஒட்டி ஓடும் தண்ணீர் ஏதோ அதிசயமான விதத்தில் அமைதியாக ஓடவேண்டும். கிரே இரண்டாவதன் பக்கம் சாய்ந்தார். இதைத்தான் இன்றைக்கும் கிரேயின் புதிர் என்கிறார்கள்.

அந்தப் புதிருக்குக் கடைசியில் கிடைத்த விடையைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். விடையைவிட, அதைத் தேடிப் போன வழியில் கண்டுபிடித்தவைதான் எனக்குப் பிடித்தமானவை. சுறாவின் தோல், திமிங்கிலத்தின் துடுப்பு, சூரையின் செட்டை, பென்குயினின் இறகு என்று அந்தத் தேடல் பல உடல்களைத் தொட்டுப் போயிருக்கிறது. பாதி இடங்களில் மனிதர் முதலில் நினைத்தது பிழையாகிவிட்டது. பிழையான பல இடங்களில் காரணம் ஒன்றுதான்: அசையும் விலங்கை அசையாத பொருளாக வைத்துப் பார்த்தார்கள்.

சரி, முதலில் தண்ணீரைப் பற்றி.

காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. பிசுக்குத்தன்மையும் 50 மடங்களவு கூட. காலிமுகத்திடலில் எதிர்க்காற்றில் நடப்பதற்கும், கடலில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதனால்தான். ஆனால் ஒரு மீனுக்கு முக்கியமான சங்கதி இன்னும் நெருக்கத்தில் நடக்கிறது. எந்தப் பொருள் தண்ணீரில் போனாலும், அதன் மேற்பரப்பைத் தொட்டபடி இருக்கும் நீர் வழுக்கிப் போவதில்லை. பொருளோடு சேர்ந்தே போகிறது. அதற்கு அடுத்த நீர் கொஞ்சம் பின்தங்குகிறது. அதற்கும் அடுத்தது இன்னும் பின்தங்குகிறது. இப்படிப் படிப்படியாகப் போய், வெளியே இருக்கும் தண்ணீரின் வேகத்தோடு சேர்ந்துவிடுகிறது. இந்த மெல்லிய பகுதிக்கு எல்லைப் படை என்று பெயர். 1904இல் ஹைடெல்பேர்க் நகரில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டில் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானியர் இதை எடுத்துச் சொன்னார். அன்று அவர் சொன்னதை அங்கே இருந்தவர்களில் மிகச் சிலரே கவனித்தார்கள். ஆகாய விமானம், கப்பல், பந்து, மீன் எதைப் பற்றிக் கதைத்தாலும் இன்று அங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

இந்தப் படைக்குள் தண்ணீர் ஒழுங்காக, அடுக்கு அடுக்காகவும் ஓடலாம்; குழம்பிக் கொந்தளித்தும் ஓடலாம். மான்செஸ்டரில் ஒஸ்போன் ரெனோல்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாய்க்குள் சாயம் விட்டு இந்த இரண்டையும் கண்ணால் பார்க்க வைத்தார். ஒழுங்கான ஓட்டத்தில் உராய்வு குறைவு. அப்படியானால் எந்த மீனும் ஒழுங்கான ஓட்டத்தைத்தானே விரும்பும் என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஒழுங்காக ஓடும் படை சோம்பேறியானது. உடலின் அகன்ற இடத்தைத் தாண்டி வால் பக்கம் வளைய வேண்டிய நேரத்தில் வளையாமல் பிரிந்து போய்விடும். கொந்தளிக்கும் படைக்கு உராய்வு கூட, ஆனால் அது உடலை விடாமல் பிடித்துக்கொண்டு வளைந்து வரும்.

பிரிந்தால் என்ன நடக்கும் என்பதைக் களனி கங்கையின் மேல் இருக்கும் பாலத்தில் நின்று பார்க்கலாம். மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடும்போது ஒரு தூணின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். தண்ணீர் தூணைச் சுற்றி வந்து சேர்வதில்லை. இரண்டு பக்கத்திலும் விலகிப் போகிறது. நடுவில் குப்பைகூளமும் சல்வீனியாவும் சுற்றிக்கொண்டு நிற்கும். ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம் என்று மாறி மாறிச் சுழிகள் கழன்று போகும். அந்த இடத்தில் அழுத்தம் குறைவு. முன்னால் அழுத்தம் கூட, பின்னால் குறைவு என்றால் தூண் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. தூணுக்கு அதனால் நட்டமில்லை. மீனுக்கு அது முழு நட்டம். உராய்வைவிட இந்தப் பின்னிழுப்புத்தான் பல வேளைகளில் பெரிய எதிரி. ஆகவே நீந்தும் விலங்கு தீர்மானிக்க வேண்டியது: தண்ணீர் என் உடலை எந்த இடத்தில், எப்படி விட்டுப் போகவேண்டும்?

வாலை நோக்கி மெல்ல ஒடுங்கும் உடல் இந்தக் கேள்விக்கு முதல் பதில். பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திவிடும். அப்புறம்தான் விஷயமே தொடங்குகிறது.

கிரேயின் கணக்கை நம்பி டொல்பினின் தோலில் மந்திரம் தேடியவர்களில் மாக்ஸ் கிரேமர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் ஒருவர். டொல்பினின் தோல் மெத்தென்று இருக்கிறது, தண்ணீரின் அழுத்தம் மாறும்போது அதற்கேற்ப அமுங்கிக் கொடுத்துக் கொந்தளிப்பை அடக்குகிறது என்பது அவருடைய எண்ணம். ரப்பரில் அப்படி ஒரு போர்வை செய்து, அதைப் போர்த்திய மாதிரியில் இழுவை, அதாவது தண்ணீர் பின்னால் இழுக்கும் விசை, பாதிக்கும் மேல் குறைந்தது என்று 1950களின் பிற்பகுதியிலும் 1960இலும் அறிவித்தார். நீர்மூழ்கிகளைப் பற்றிக் கனவு கண்ட கடற்படைகள் துள்ளிக் குதித்தன. ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

விடை 2014இல் வந்தது. பிராங்க் ஃபிஷ் என்ற அமெரிக்க உயிரியலாளர் (மீனைப் பற்றி ஆராய்பவருக்கு ஆங்கிலத்தில் மீன் என்றே குடும்பப் பெயர், என்ன செய்ய) தன் குழுவினரோடு கலிபோர்னியாவில் பழக்கிய டொல்பின்களை நுண்ணிய காற்றுக் குமிழிகளின் திரை ஒன்றினூடாக நீந்த வைத்தார். குமிழிகள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் தள்ளப்படுகின்றன என்பதைக் கமராவில் பிடித்து, வால் தண்ணீருக்குக் கொடுக்கும் விசையைக் கணக்கிட்டார்கள். சீராக நீந்தும்போது உந்துவிசை 700 நியூட்டன் வரை இருந்தது. சும்மா வழுக்கிச் செல்லும் டொல்பினுக்குக் கணித்ததைவிட இது பல மடங்கு கூட. மந்திரத் தோல் தேவையில்லை. கொந்தளிக்கும் நீருக்குள் அந்த வேகத்தில் போகத் தசைக்கே வலு இருக்கிறது.

கிரேயின் கணக்கு எங்கே சறுக்கியது? 7 செக்கன் என்பது ஒரு பாய்ச்சல். அவர் தசைவலுவுக்கு எடுத்துக்கொண்டதோ, நிமிடக்கணக்கில் தொடர்ந்து உழைக்கும் தசையின் அளவு. நூறு மீற்றர் ஓட்டக்காரனின் வேகத்தை மரதன் ஓட்டக்காரனின் மூச்சோடு ஒப்பிட்டது மாதிரி. தவிர, கப்பலுக்குப் பக்கத்தில் வரும் டொல்பின்கள் கப்பல் எழுப்பும் அலையில் இலவசமாகவும் சவாரி செய்யும். திருகோணமலையிலும் கற்பிட்டியிலும் படகில் போய் வந்தவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள்.

டொல்பின் தோல் ஒன்றுக்கும் உதவாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. புட்டிமூக்கு டொல்பின் தன் மேற்தோலின் வெளிப்படையை ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒரு முறை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. பாசியும் கொட்டலசும் ஒட்ட இடமில்லை. அடிப்பக்கம் பாசி பிடித்த படகை ஓட்டுகிறவர்களுக்கு எரிபொருள் எவ்வளவு கூடச் செலவாகும் என்று தெரியும்.

இனிச் சுறா.

சுறா வறை செய்யத் தெரிந்த வீடுகளில் இது புதினம் அல்ல. சுறாவை அவித்துத் தோலைச் சுரண்டினால் மணல் மணலாகக் கழன்று வரும். அது மணல் அல்ல, பல். எனாமலும் உள்ளே பற்கூழும் கொண்ட, நம்முடைய பல்லின் அமைப்பே கொண்ட சின்னச் செதில்கள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கம் தடவினால் கை சிராய்க்கும். முன்காலத்தில் மரவேலை செய்கிறவர்கள் இதை அரத்தாளாகவே பாவித்தார்கள்.

ஒவ்வொரு செதிலின் மேலும் நீளவாக்கில் நுண்ணிய வரம்புகள் ஓடுகின்றன. கொந்தளிப்பில் உண்டாகும் சுழிகள் தோலுக்கு மிக அருகில் வந்து பக்கவாட்டில் புரள்வதை இந்த வரம்புகள் தடுக்கின்றன. சரியான இடைவெளியில் வரம்பு போட்ட மேற்பரப்புகளில் உராய்வு 8, 10 சதவீதம் வரை குறைவதை ஆய்வுகூடங்களில் காட்டியிருக்கிறார்கள். 1987இல் அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் வென்ற படகின் அடிப்பக்கத்தில் அப்படி வரம்பிட்ட ஒரு படலம் ஒட்டியிருந்தார்கள். இன்று சில பெரிய விமானங்களின் உடலிலும் ஒட்டுகிறார்கள்; எரிபொருளில் மிச்சம் 1 சதவீதமளவு. கேட்கச் சிறிதுதான். ஒரு விமானத்தின் ஆயுட்காலத்துக்கும் கணக்குப் பார்த்தால் சிறிதல்ல.

இதே எண்ணத்தில்தான் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுறாத்தோல் நீச்சலுடை என்று விளம்பரம் பண்ணி இறக்கினார்கள். பின்னர் 2008, 2009இல் பொலியூரிதேன் உடைகள் வந்தன. 2009இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் உடைந்தன. 2010 தொடக்கத்திலிருந்து அந்த உடைகளைத் தடைசெய்துவிட்டார்கள். அந்த வேகத்துக்கும் சுறாவுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. உடலை இறுக்கிப் பிடித்து உருவத்தை ஒடுக்கியதும் மிதப்பைக் கூட்டியதும்தான் காரணம்.

ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் லோடர் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உண்மையான சுறாத்தோலை எடுத்து, மீன் வளைவதைப்போல் வளையக்கூடிய ஒரு படலமாகச் செய்து, இயந்திரத்தில் மாட்டி நீந்தவிட்டார்கள். பிறகு அதே தோலின் செதில்களை அரத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப நீந்தவிட்டார்கள். செதில் இருந்தபோது வேகம் 12 சதவீதம் கூட. விறைப்பான தகட்டில் அதே தோலை ஒட்டினால் இந்த ஆதாயம் கிடைக்கவில்லை. நீச்சலுடைத் துணிக்கும் கிடைக்கவில்லை. 2012இல் வெளியான ஆய்வு இது. உடல் வளையும்போது செதில்கள் நீர்ச்சுழி ஒன்றை நல்ல இடத்தில் பிடித்து வைக்கின்றன, அந்தச் சுழியின் தாழ்ந்த அழுத்தம் முன்னோக்கி இழுக்கிறது என்பது அவர்கள் கண்டது. இழுவையைக் குறைக்கும் தோல் என்று நாங்கள் நினைத்தது உந்துவிசையையும் கூட்டுகிறது. நீச்சல் வீரன் இடுப்பையும் தோளையும் வைத்து நீந்துகிறான். அவன் உடல் சுறாவாக வளைவதில்லை.

மாக்கோ சுறா இன்னும் ஒரு படி மேலே. அதன் பக்கவாட்டில், செவுளுக்குப் பின்னால் இருக்கும் செதில்கள் 0.2 மில்லிமீற்றரளவே இருக்கும், தோலில் தளர்வாகப் பொருந்தியிருக்கும். படுத்துக் கிடக்கும் செதில் 50 பாகை அளவுக்கு எழுந்து நிற்கக்கூடியது. தண்ணீர் உடலைவிட்டுப் பிரியத் தொடங்கும்போது தோலுக்கு அருகில் ஓட்டம் திசைமாறிப் பின்னாலிருந்து முன்னோக்கி வரும். பிரிவு அப்படித்தான் ஆரம்பிக்கும். அந்தத் திரும்பும் ஓட்டமே செதிலைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. தூக்கிய செதில் அந்த ஓட்டத்தை மறித்துவிடுகிறது. தசையும் வேண்டாம், நரம்பும் வேண்டாம், மூளையின் கட்டளையும் வேண்டாம். கள்ளன் கதவைத் தள்ளினால் தாழ்ப்பாள் தானாகவே விழுகிற ஏற்பாடு. அலபாமாப் பல்கலைக்கழகத்தின் ஏமி லாங் இதைப் பற்றிப் பல ஆண்டு உழைத்தவர்.

திமிங்கிலத்துக்கு வருவோம். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பக்கத்துடுப்பு உடலின் மூன்றில் ஒரு பங்கு நீளம். அதன் முன்விளிம்பு முழுக்க முட்டு முட்டாகப் புடைப்புகள். முன்பு சொன்ன பிராங்க் ஃபிஷ் ஒரு முறை பொஸ்டன் நகரக் கடையொன்றில் இந்தத் திமிங்கிலத்தின் சிற்பத்தைப் பார்த்து, சிற்பி புடைப்புகளைப் பிழையான விளிம்பில் வைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் படத்தைக் காட்டியிருக்கிறார், சிற்பி சரி. விமானத்தின் சிறகைப் படித்த எவரும் முன்விளிம்பு வழவழப்பாக இருக்கவேண்டும் என்றுதான் நினைப்பார்கள்.

2004இல் அவரும் கூட்டாளிகளும் புடைப்புள்ள துடுப்பு ஒன்றையும் வழவழப்பான துடுப்பு ஒன்றையும் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். துடுப்பைச் சரிக்கச் சரிக்கத் தூக்குவிசை கூடும். ஒரு கட்டத்தில் ஓட்டம் பிரிந்து தூக்குவிசை சட்டென விழும். புடைப்புள்ள துடுப்பில் அந்த விழும் கோணம் ஏறத்தாழ 40 சதவீதம் தள்ளிப் போனது. பெரிய சரிவுகளில் இழுவை 32 சதவீதம் வரை குறைந்தது. புடைப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களால் புகும் தண்ணீர் எதிரெதிராகச் சுழலும் சோடிச் சுழிகளாக மாறி, வெளியே வேகமாக ஓடும் நீரைக் கீழே இழுத்து வந்து எல்லைப் படைக்கு உயிர் கொடுக்கிறது. அதனால் படை பிரிவதில்லை. இந்தத் திமிங்கிலம் குமிழிகளால் வட்டமாக வேலி கட்டி, மீன்கூட்டத்தை உள்ளே அடைத்துப் பிடிக்கும். பஸ் அளவு உடலை வைத்துக்கொண்டு அவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்ப அந்தத் துடுப்புத்தான் துணை. இப்போது மின்விசிறி இதழ்களிலும் காற்றாலை இதழ்களிலும் இதைச் செய்து பார்க்கிறார்கள்.

அடுத்தது சூரை. நாளைக் காலை பேலியகொடை மீன் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு கெலவல்லாவை, அதாவது மஞ்சள் செட்டைச் சூரையை, வாங்காவிட்டாலும் பார்த்துவிட்டு வாருங்கள். முதுகின் முதல் செட்டையை அழுத்தினால் அது ஒரு பள்ளத்துக்குள் முழுசாக மடங்கிப் படுத்துவிடும். பக்கச் செட்டைகள் உடலோடு ஒட்டிப் பதிந்துகொள்ளும். வாலுக்கு முன்னால் மேலும் கீழும் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னச் செட்டைகள் வரிசையாக இருக்கும். வாலடியில் இரு பக்கமும் கூரான ஒரு விளிம்பு. வேகத்துக்கும் திருப்பத்துக்கும் வேறு வேறு உடல் வேண்டியிருப்பதால், சூரை இரண்டையும் ஒரே உடலில் வைத்துக்கொண்டு தேவைப்பட்டதை விரிக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஆச்சரியமானதைச் சொன்னது. இரண்டாவது முதுகுச் செட்டையும் அதற்குக் கீழே இருக்கும் குதச் செட்டையும் அரிவாள் வடிவில் இருக்குமே, அவற்றின் அடியில் நிணநீர் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அதில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் செட்டையின் விரிவையும் விறைப்பையும் மீன் மாற்றுகிறது. நோயோடு சண்டை போடும் நிணநீர்த் தொகுதியை நீச்சலுக்கு ஹைட்ரோலிக் எண்ணெயாகப் பாவிக்கிற விலங்கு இது.

சூரையையும் மயில் மீனையும் பற்றிப் பேசினால் உடனே வேகக் கதை வரும். மயில் மீன் மணிக்கு 110 கிலோமீற்றர் போகும் என்று பொது அறிவுப் புத்தகங்கள் எல்லாம் எழுதி வைத்திருக்கின்றன. புலோரிடாவில் தூண்டிலில் மாட்டிய மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடிய வேகத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன் கணக்கிட்டதிலிருந்து வந்த எண் அது. அண்மைக்காலத்தில் கருவிகள் வைத்து அளந்தவர்களுக்கு மணிக்கு 30 கிலோமீற்றரளவே கிடைத்தது. இதற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. மேற்பரப்புக்கு அருகில் செக்கனுக்கு 10, 15 மீற்றரைத் தாண்டினால், வேகமாக அடிக்கும் வாலைச் சுற்றி அழுத்தம் அவ்வளவு விழுந்து தண்ணீரே ஆவிக் குமிழியாகிவிடும். அந்தக் குமிழிகள் உடையும்போது வாலைக் காயப்படுத்தும். கப்பலின் சுழல்தகடுகள் அரிபட்டுப் போவது இதனால்தான். வினாவிடைப் போட்டி நடத்துகிறவர்கள் தயவுசெய்து அந்த 110ஐக் கைவிடவேண்டும்.

பென்குயினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தாட்டிக்காவின் பேரரசப் பென்குயின் கடலுக்குள் இறங்குமுன் இறகுகளுக்கிடையில் காற்றை நிரப்பிக்கொள்கிறது. ஆழத்தில் அந்தக் காற்று அமுங்கிச் சுருங்கும். பென்குயின் இறகுகளையும் இறுக்கிக்கொள்கிறது. மேலே பாய்ந்து வரும்போது அழுத்தம் குறையக் காற்று விரிந்து, நுண்ணிய குமிழிகளாக உடல் முழுவதும் கசிகிறது. உடலை ஒட்டி ஓடுவது தண்ணீரும் காற்றும் கலந்த நுரை. அடர்த்தி குறைந்தால் இழுவையும் குறையும். செக்கனுக்கு 5 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து பனிக்கட்டியின் மேல் பாய்ந்து ஏறும். ஏறாவிட்டால் கீழே சிறுத்தைச் சீல் காத்திருக்கும். கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோகும் இக்காலத்துக் கப்பல்கள் போன்ற பெருங்கப்பல்கள் சிலவற்றிலும் அடிப்பக்கத்தால் காற்றுக் குமிழிகளை விடும் ஏற்பாட்டைச் செய்துவருகிறார்கள்.

இவ்வளவும் பெரிய உடல்களின் கதை. கண்ணுக்குத் தெரியாத சிறியவற்றுக்குத் தண்ணீரே வேறு பொருள். ஒரு பற்றீரியாவுக்கு எங்கள் கடல் கித்துள் பாணி. அது தன் இழையைச் சுழற்றுவதை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலம்கூட வழுக்கிப் போகாமல் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று 1977இல் எட்வேர்ட் பேர்செல் கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கே சுழியும் இல்லை, பிரிவும் இல்லை. அந்த உலகத்துக்குத் தனியாக ஒரு உரை வேண்டும்.

இனி நான் கடைசியாக வைத்திருந்தது. இதுவரை சொன்ன எல்லாம் அமைதியான தண்ணீரில் ஓர் உடல். உண்மையான ஆற்றில் தண்ணீர் அமைதியாக இருப்பதில்லை. பாறை, வேர், பாலம், மற்ற மீன் எல்லாம் அதைக் குழப்பி வைத்திருக்கும். மீன் அதைத் தொட்டு உணர்கிறது. செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டில் இருக்கும் நுண்ணிய உறுப்புகள் நீரின் அசைவையும் அழுத்த வித்தியாசத்தையும் அறிகின்றன. சீலுக்கு அந்த வேலையை மீசை செய்கிறது. துறைமுகச் சீலின் மீசை மயிர் நேராக இல்லாமல் அலை அலையாகத் தடித்தும் மெலிந்தும் போகும். அதனால் தன் ஓட்டத்தில் எழும் சுழிகளால் அந்த மயிர் அதிர்வதில்லை. முன்னே போன மீன் விட்டுச்சென்ற சுழி மட்டும் தெளிவாகத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடம் பிடித்துப் போகிறது என்பதை ஜெர்மனியின் ரொஸ்டொக் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மீன் உணர்ந்ததை வைத்து என்ன செய்கிறது? வானவில் டிரவுட் என்ற மீனை ஆங்கிலேயர் எங்கள் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் கொண்டுவந்து விட்டார்கள். அதே இனத்தை லோடரின் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் லியாவோ ஓடும் நீரில் ஒரு தூணுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். தூணின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழிகள் வருகின்றன. மீன் அவற்றோடு சண்டை பிடிக்கவில்லை. உடலைத் தளர்த்தி, ஒரு சுழிக்கும் அடுத்த சுழிக்கும் இடையால் வளைந்து வளைந்து நின்றது. தசைகளில் மின்வாய்களை வைத்துப் பார்த்தால் தலைப்பக்கத்துத் தசைகள் மட்டும் கொஞ்சம் வேலை செய்கின்றன; மற்றவை சும்மா இருக்கின்றன. 2003இல் இது வெளியானது. அதற்கு மூன்று ஆண்டு கழித்து இன்னொரு சோதனை. அப்போதுதான் உயிர்விட்ட டிரவுட் ஒன்றைத் தூணுக்குப் பின்னால் நூலில் கட்டி வைத்தார்கள். சுழிகள் அந்த உடலை அசைக்க, செத்த மீன் ஓட்டத்துக்கு எதிராகத் தூணை நோக்கி முன்னேறியது, நூல் தொய்ந்தது. சும்மா வளையும் ஓர் உடலே, சரியான விறைப்பும் சரியான நீளமும் இருந்தால், குழம்பிய தண்ணீரிலிருந்து வலுவை எடுத்துக்கொள்ளும். கிரேயின் விறைப்பான டொல்பினுக்கு இது ஒருபோதும் நடந்திருக்காது.

கூட்டமாக நீந்தும் மீன்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2024இல் லோடரின் குழு ஜயண்ட் டேனியோ என்ற சிறு மீன்களைக் கொந்தளிக்கும் நீரில் தனியாகவும் கூட்டமாகவும் நீந்தவிட்டு, அவை பாவிக்கும் ஒட்சிசனை அளந்தது. தனியாக நீந்திய மீனைவிடக் கூட்டமாக நீந்தியவற்றுக்கு 79 சதவீதம் வரை குறைந்த சக்தி போதுமாக இருந்தது. மீன்கள் ஏன் கூடி நீந்துகின்றன என்று கேட்டால் பெரிய மீனிடமிருந்து தப்ப என்றுதான் இதுவரை முதலில் சொல்வோம். பெருகி ஓடும் ஆற்றில் களைக்காமல் இருப்பதற்கும்தான் என்று இனிச் சேர்த்துச் சொல்லலாம்.

டேனியோ இனத்தின் நெருங்கிய உறவுகள் எங்கள் ஓடைகளிலும் உண்டு, அலங்கார மீன் கடைகளிலும் கிடைக்கும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் மீன்தொட்டி வைத்திருந்தால் ஒன்று செய்து பாருங்கள். சிறிய நீர்ப்பம்பி ஒன்றைப் போட்டு ஒரு பக்கமாக ஓட்டத்தை உண்டாக்குங்கள். நடுவில் உருளையான கல் ஒன்றை வையுங்கள். மீன் எங்கே போய் நிற்கிறது, அங்கே வாலை எத்தனை தரம் அடிக்கிறது, கல்லை எடுத்த பிறகு எத்தனை தரம் அடிக்கிறது என்று எழுதி வையுங்கள். கல்லுக்குப் பின்னால் நிற்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். சில மீன்கள் முன்னால் போய் நிற்கும். அதுவும் சரிதான், ஓட்டம் கல்லில் மோதும் இடத்தில் அழுத்தம் கூட, அது மீனைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். லியாவோவின் டிரவுட்டும் அப்படி நின்றதுண்டு.

வணக்கம்.